கேம்பர் வேன் துணை பேட்டரி: அறிகுறியை வைத்து வயரிங் கோளாறைப் பிடிக்கும் வழி

வேனின் பின்பக்க விளக்கு மங்கினாலோ, ராத்திரியில் ஃப்ரிட்ஜ் நின்றாலோ, பழி முதலில் துணை பேட்டரியின் (பின்பக்கச் சாமான்களுக்காகத் தனியாக வைக்கும் இரண்டாவது பேட்டரி) தலையில்தான் விழுகிறது. உடனே புது பேட்டரிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். ஹையேஸ், அர்வான் மாதிரி வேன்களைக் கேம்பராக மாற்றும்போது, முன்னால் இருக்கும் என்ஜினிலிருந்து பின்னால் இருக்கும் பேட்டரி வரை ஐந்து மீட்டர் வயர், நாலைந்து பியூஸ், பத்துப் பதினைந்து லக் முனைகள் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையங்கள்) புதிதாகச் சேர்கின்றன. கோளாறு பெரும்பாலும் அந்த ஐந்து மீட்டருக்குள்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் கொஞ்ச நாள் சரியானது போலத் தோன்றும். பிறகு புது பேட்டரியும் அதே பாடுதான் படும்.

கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் அடிப்படை ஒன்றே. லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் விளக்கோ ஃப்ரிட்ஜோ, ஓடிக்கொண்டிருக்கும்போது, வயரின் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். கரண்ட் ஓடாத நேரத்தில், உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அழகாக 12.7 காட்டும். லோடு போட்ட மறுகணமே உண்மை தெரிந்துவிடும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஆறு மீட்டர் நீள மெல்லிய வயர் ஒன்று, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று. கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பசார் கடைகளில் கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனியுங்கள்: விலை குறைந்த பல மாடல்கள் ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும், வேனுக்கு உதவாது. அந்த ஹெட்லைட் பல்பு நாலரை ஆம்ப் இழுக்கும். ஏறக்குறைய ஒரு ஃப்ரிட்ஜ் இழுக்கும் அளவு. சோதனைக்கு அதைவிட நல்ல லோடு வேண்டாம்.

கரண்ட் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுழற்சியில் கரண்ட் தரும் கருவி), வண்டி பேட்டரி, அதை ஒட்டி ஒரு பியூஸ், பிறகு ரிலே (இரண்டு பேட்டரியையும் தானே இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) அல்லது டிசி-டிசி சார்ஜர் (வண்டியின் வோல்டேஜைத் துணை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), துணை பேட்டரிக்கு முன்னால் இன்னொரு பியூஸ், துணை பேட்டரி, பியூஸ் பாக்ஸ், கடைசியில் விளக்கு, ஃப்ரிட்ஜ், பம்ப். நீண்ட வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைப்பது நல்லது. திரும்பும் பாதையையும் மறக்காமல் வரையுங்கள். நெகட்டிவ் வயரோ வேனின் பாடியோ, எதன் வழியாகத் திரும்பினாலும் அதுவும் பாதியளவு சர்க்யூட்தான். பாசிட்டிவ் பக்கத்தை மூன்று தடவை சோதித்துவிட்டு நெகட்டிவைத் தொடாமல் விடுவதால்தான் பல கோளாறுகள் மாதக்கணக்கில் பிடிபடாமல் இருக்கின்றன.

ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் காலி என்றே சொல்லலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 13.3க்கு அருகில் நின்றால் நல்ல நிலை, 12.8க்குக் கீழே இறங்கினால் தீரும் தறுவாய். நடுவில் வோல்டேஜ் அசையவே அசையாது. அதனால் லித்தியத்தில் வோல்டேஜை வைத்து எத்தனை சதவீதம் மிச்சம் என்று கணிக்க முயலாதீர்கள்.

என்ஜின் ஓடுகிறது, ஆனால் துணை பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை

துணை பேட்டரியின் முனைகளிலேயே மீட்டரை வைத்து என்ஜின் நின்ற நிலையில் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். 13.8க்கு மேல் போனால் சார்ஜ் வருகிறது. அதே எண்ணிலேயே நின்றால் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வாருங்கள்.

முதலில் வண்டி பேட்டரி. அங்கே 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 12.6 மட்டும்தான் என்றால், ஆல்டர்னேட்டரே சார்ஜ் தரவில்லை, அல்லது உங்கள் வேனில் இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். சமீபத்திய சில வேன்களில் எரிபொருள் மிச்சத்துக்காக, வண்டி பேட்டரி நிறைந்ததும் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை இறக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே பொருந்தாது. டிசி-டிசி சார்ஜர்தான் வழி, அதுவும் இக்னிஷன் வயர் (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர்) கொடுத்து.

அடுத்து முன்பக்க பியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். என்ஜின் ஓடும்போது மீட்டரின் இரண்டு முனையையும் பியூஸின் இரண்டு பக்கத்தில் வையுங்கள். நல்ல பியூஸ் சுழியத்துக்கு அருகில் காட்டும். 1.8 மாதிரி ஒரு எண் வந்தால் பியூஸ் போய்விட்டது, முன்னால் 14.2, பின்னால் 12.4, அந்த வித்தியாசம்தான் மீட்டரில் தெரிகிறது. 0.3 மாதிரி சின்ன எண் வந்தால் பியூஸ் நன்றாக இருந்து ஹோல்டர் கெட்டிருக்கும். 40 ஆம்ப் ஓடும் இடத்தில் 0.3 வோல்ட் என்றால் அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள் 12 வாட் சூடு. உருகும் நாள் தூரத்தில் இல்லை.

வோல்டேஜ் பார்க்கும் ரிலே என்றால் அது பொதுவாக 13.3ஐ ஒட்டி மூடும், 12.8ஐ ஒட்டித் திறக்கும். உள்ளே வரும் பக்கம் 14, வெளியே போகும் பக்கம் 12.4 என்றால் ரிலே மூடவில்லை. ரிலேயை மாற்றுவதற்கு முன் அதன் மெல்லிய கருப்பு வயரைப் பாருங்கள். அதற்கு எர்த் (வேனின் பாடியோடு நெகட்டிவ் இணைப்பு) கிடைக்காவிட்டால் ரிலே வேலையே செய்யாது. பெயின்ட் மேல் திருகு வைத்து இறுக்கிய எர்த்தைத்தான் அடிக்கடி காண்கிறோம்.

டிசி-டிசி சார்ஜர் உள்ள வேனில் இன்னொரு அறிகுறி வரும். சார்ஜர் விளக்கு எரியும், பத்து விநாடியில் அணையும், மறுபடி எரியும், இப்படியே போகும். சார்ஜர் பழுது என்று கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே மேசைமேல் பிரமாதமாக ஓடும். காரணம் இதுதான். 30 ஆம்ப் என்று எழுதிய சார்ஜர் 30 ஆம்ப் வெளியே தருகிறது. அதற்காக உள்ளே 35 முதல் 40 ஆம்ப் வரை இழுக்கிறது. முன்பக்கத்திலிருந்து 6 எம்எம் வயர் (இங்கே எம்எம் என்பது செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்; விட்டம் அல்ல) போட்டிருந்தால், போக ஐந்து வர ஐந்து பத்து மீட்டருக்குத் தடை 0.029 ஓம். 38 ஆம்ப் ஓடினால் 1.1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஜாமில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் 13.5 தந்தால் சார்ஜருக்கு வந்து சேர்வது 12.4. சார்ஜர் தன் கீழ் வரம்பு 12.5 என்று வைத்திருக்கிறது. என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து அணைகிறது. லோடு போனதும் வோல்டேஜ் 13.5க்கு ஏறுகிறது, சார்ஜர் எழுகிறது, மறுபடி விழுகிறது. 16 எம்எம் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட் ஆகிவிடும், இந்த ஆட்டமும் நிற்கும். வரம்பைக் குறைத்து வைத்தும் அடக்கலாம். அது வயர் சூட்டைக் குறைக்காது என்பதால் அந்த வழியை நாங்கள் சொல்வதில்லை. சார்ஜரின் உள்பக்கத்துக்கு 60 ஆம்ப் பியூஸ் போதும், ஆனால் வயர் அந்த 60ஐத் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான்.

வயர் தடிமன் சரி, இழப்பு மட்டும் கணக்குக்கு மேல் வருகிறது என்றால் சந்தேகம் இரண்டு. ஒன்று, வயர் செம்பே இல்லை. கார் ஆடியோ செட்டோடு வரும் தடித்த வயர்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் அதன் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஓர் இழையைப் பிரித்துக் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். சிவப்பு போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறமாக இருந்து சுரண்டினால் சிவப்பு வந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. கடலோரத்துக்கு அதுதான் உகந்தது.

இரண்டாவது, லக் அழுத்தம். சுத்தியலால் தட்டியோ இடுக்கியால் நெரித்தோ பொருத்திய லக், முதல் நாள் நன்றாக இருக்கும். வேன் குலுங்கக் குலுங்க இழைகளுக்கு நடுவே காற்றும் ஈரமும் புகும். சந்தேகப்படும் லக்கின் மேலுள்ள ரப்பர் உறையைக் கீறிப் பாருங்கள். பளபளவென்று சிவப்பாக இருக்க வேண்டிய இழைகள் கறுத்து, ஓரத்தில் பச்சைப் பொடி படிந்திருக்கும். விரலால் லக்கைத் திருகினால் வயரின் மேலேயே லேசாகச் சுழலும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அறுகோண அச்சு உள்ள ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் புது லக் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைப்பது இதற்கு மாற்றில்லை: ஈயம் ஏறிய இடம் விறைத்து, அது முடியும் விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஒருநாளும் நிறையவில்லை

இதில் பாதிக்கு மேல் கோளாறே இல்லை, கணக்குதான் இடிக்கிறது. ஃப்ரிட்ஜ் 4 ஆம்ப். நம் ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 48 ஆம்ப்-அவர் (ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). 100 ஆம்ப்-அவர் ஈய பேட்டரியில் நலம் கெடாமல் எடுக்கக்கூடியது 50. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் 30 ஆம்ப் சார்ஜர் 100 ஆம்ப்-அவர் லித்தியத்தை நிரப்பிவிடும். செராஸிலிருந்து பத்துமலைக்கு 40 நிமிடம் போனால் கிடைப்பது 20தான். ஈய பேட்டரி என்றால் அதுவும் கிடையாது: 80 சதவீதம் தாண்டியதும் அது கரண்டை மெதுவாகத்தான் வாங்கும், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் ஆகும். கூரையில் சோலார் இருந்தால்தான் அந்தக் கடைசிப் பகுதி நிறையும்.

சூட்டையும் பாருங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் ஈய பேட்டரி 40 டிகிரியைத் தொட்டால், 25 டிகிரிக்குச் சொன்ன சார்ஜ் வோல்டேஜை 0.4 வோல்ட் அளவு குறைக்க வேண்டும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் குறைக்காது. பேட்டரி நீர் வற்றி வயிறு உப்பும். லித்தியத்துக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். ஆனால் பேட்டரி 45 முதல் 55 டிகிரிக்குள் எங்கோ ஓர் இடத்தில் உள்ளிருக்கும் பாதுகாப்பு போர்டு சார்ஜை நிறுத்தலாம். மத்தியானத்தில் ஏறாத சார்ஜ் இரவில் ஏறினால் காரணம் இதுவாக இருக்கும்.

காலையில் என்ஜினே ஸ்டார்ட் ஆகவில்லை

துணை பேட்டரி தனியாக இருந்தும் வண்டி பேட்டரி காலியாகிறது என்றால் இரண்டும் எங்கோ சேர்ந்தே இருக்கின்றன. என்ஜினை அணைத்து அரை மணி விடுங்கள். வண்டி பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டு, இன்னொருவரை விட்டுத் துணை பேட்டரியில் ஹெட்லைட் பல்பைப் போடச் சொல்லுங்கள். வண்டி பேட்டரியின் எண்ணும் சேர்ந்து இறங்கினால் ரிலே பிரியவில்லை. அதன் உள்முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலே உடலைத் தட்டினால் சில சமயம் விடும், ஆனால் அதை நம்பி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

ரிலே நல்ல நிலையில் இருந்தும் பிரியாத சூழ்நிலை ஒன்று உண்டு. ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைத்து, பழைய ரிலேயை அப்படியே விட்ட வேன்களில் இது கட்டாயம் வரும். லித்தியம் ஓய்விலேயே 13.2, 13.3 என்று நிற்கிறது, ரிலே 12.8க்கு இறங்கினால்தான் திறக்கும். ஆகவே ராத்திரி முழுக்க இரண்டு பேட்டரியும் இணைந்தே கிடக்கின்றன. ஓட்டும்போது நேர்மாறான தொல்லை: காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரிடமிருந்து கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஜாமில் ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரின் காற்றாடி மெதுவாகச் சுற்றும் நேரத்தில் அது வெந்துபோகும். லித்தியம் வைத்தால் டிசி-டிசி சார்ஜரும் சேர்த்து வைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டும் பிரிந்தே இருக்கின்றன, ஆனாலும் காலியாகிறது என்றால் வண்டி பேட்டரியின் நெகட்டிவ் வயரில் கிளாம்ப் மீட்டரைச் சுற்றி, கதவுகளைப் பூட்டி, அரை மணி காத்திருந்து பாருங்கள். 0.05 ஆம்ப் வரை இயல்பு. அதற்கு மேல் என்றால் பார்க்கிங் மோடில் விட்ட டேஷ்கேமிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பேட்டரியில் 12.5 இருக்கிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் நிற்கிறது

ஃப்ரிட்ஜ் பார்ப்பது தன் வாசலில் உள்ள வோல்டேஜை. டான்ஃபாஸ், செகாப் கம்ப்ரசர்களில் வழக்கமான அமைப்பில் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால் நிற்கும், 11.7க்கு ஏறினால்தான் மீண்டும் எழும். கன்ட்ரோல் போர்டில் விளக்கு இணைத்திருந்தால் அது எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணுங்கள்: ஒன்று வோல்டேஜ் குறைவு, இரண்டு காற்றாடி அதிக கரண்ட் இழுப்பது, மூன்று மோட்டார் கிளம்பாதது, நாலு மோட்டார் வேகம் பிடிக்காதது, ஐந்து போர்டு சூடு. ஒன்று வந்தால் வயரைப் பாருங்கள். ஐந்து வந்தால் வயரை விட்டுவிட்டு, கம்ப்ரசருக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பலகை அடைத்துக் கட்டிய அலமாரிக்குள் அதுதான் நடக்கும்.

ஃப்ரிட்ஜுக்கு 1.5 எம்எம் வயர் ஆறு மீட்டர் போயிருந்தால் 5 ஆம்ப்பில் 0.7 வோல்ட் இழப்பு. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாக என்றால் அந்த ஸ்பிரிங் முனையில் மேலும் கொஞ்சம் போகும். சாக்கெட்டை விட்டுவிட்டு, பியூஸ் பாக்ஸிலிருந்து நேரே 6 எம்எம் வயர் இழுத்து, 15 ஆம்ப் பியூஸ் போடுங்கள். இழப்பு 0.2க்குள் வந்துவிடும். வீட்டு வயரிங்கில் மிச்சமான கெட்டி இழை வயரை இதற்கு எடுக்காதீர்கள், வண்டிக் குலுக்கலில் முறியும்.

பாசிட்டிவ் பக்கமா நெகட்டிவ் பக்கமா என்று தெரிய அந்த நீள வயர் உதவும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதன் ஒரு முனையைத் துணை பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை மீட்டர் வழியாக ஃப்ரிட்ஜின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வந்தால் நல்லது. 0.4 வந்தால் எர்த் பாதையில் துரு. பினாங்கில் பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலோரம் நிறுத்தும் வேன்களில் இதுதான் முதல் சந்தேகம். எர்த் போல்ட்டைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் பூசுங்கள். இறுக்குவதற்கு முன் நடுவில் கெட்டியாகப் பூசி, அதன் மேல் தளர இறுக்கினால் பயனில்லை.

இன்வெர்ட்டர் போட்டதும் அலறி நிற்கிறது

இன்வெர்ட்டர் என்பது பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி. 1,000 வாட் கெட்டிலுக்கு 12 வோல்ட் பக்கத்தில் 95 ஆம்ப் வரை வேண்டும். இன்வெர்ட்டர் வயரைப் பியூஸ் பாக்ஸ் வழியாக எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து நேரே, 125 ஆம்ப் பியூஸோடு, 35 எம்எம் வயரில், இரண்டு மீட்டருக்கு மிகாமல் எடுங்கள். லித்தியத்தின் போர்டு 100 ஆம்ப் வரைதான் விடும் என்றால், கெட்டிலும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அது மொத்தமாகத் துண்டித்துவிடும். 500 வாட் சோற்றுப் பானை என்றால் பிரச்சினை இராது. இன்வெர்ட்டரின் 240 வோல்ட் பக்கத்தை நீங்களே தொடாதீர்கள். மலேசிய எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள்.

பேட்டரியில் 0 வோல்ட், சோலாரும் வேலை செய்யவில்லை

லித்தியத்தின் போர்டு தூங்கிவிட்டது. எல்லா லோடையும் கழற்றி, லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜரால் எழுப்புங்கள். பல சோலார் கன்ட்ரோலர்கள் பேட்டரி வோல்டேஜ் இல்லாமல் எழா. மறுபடி இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

மானிட்டர் 80 சதவீதம் என்கிறது, விளக்கு அணைகிறது

பேட்டரி மானிட்டர், நெகட்டிவ் பாதையில் வைக்கும் ஷண்ட் என்ற அளவுத் துண்டை வைத்துத்தான் மிச்சத்தைக் கணக்கிடுகிறது. ஷண்ட் தன் வழியாகப் போகும் கரண்டை மட்டும்தான் எண்ணும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்ட்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் கருப்பு வயரையோ சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவையோ வசதிக்காகப் பேட்டரி முனையிலேயே மாட்டியிருந்தால், அந்தக் கரண்ட் கணக்கில் வராது. எல்லாவற்றையும் ஷண்ட்டின் மறுபக்க பஸ்பாருக்கு (பல வயர்களைச் சேர்த்து மாட்டும் உலோகப் பட்டை) மாற்றுங்கள். மாற்றிய பிறகு பேட்டரியை முழுதாக 14.2 வோல்ட் தாண்டும்வரை சார்ஜ் செய்து, கரண்ட் 4 ஆம்ப்புக்குக் கீழே இறங்கியதும் மானிட்டரை 100 சதவீதத்துக்குக் கையால் அமைத்துவிடுங்கள். பேட்டரியின் கொள்ளளவையும் செட்டிங்கில் சரிபாருங்கள். பழைய ஈய பேட்டரிக்குக் கொடுத்த எண் பல வேன்களில் அப்படியே கிடக்கும்.